தண்ணி ஊத்தாத இஸ்திரி

தையல்காரி – நகத்தக் கடிக்காதீங்க... பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?

இஸ்திரிக்காரர் – யாரு கடிச்சா? பல்லுக் குத்தறேன்.

தையல்காரி – காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடல. பல்லுல என்ன சிக்கும்?

இஸ்திரிக்காரர் – சரி, விடு... டேப்பம்மா எங்க வந்திருக்காங்க?

தையல்காரி – போட்டி நடுவர்னு மரியாதையா சொல்லுங்க, காதுல விழப்போகுது. அந்தப் பச்சை ஒட்டுத்துணிப் போர்வைய மறுபடி அளக்கறாங்க. பாவம், யாரு பெத்த பிள்ளையோ...

இஸ்திரிக்காரர் – அப்ப நமக்கு முன்னாடி இன்னும் நாலு இருக்கு.

தையல்காரி – எண்ணாதீங்க. பயமா இருக்கு.

இஸ்திரிக்காரர் – எதுக்குப் பயம்? நாப்பத்தொன்பது கட்டமும் நீ ஒட்டுப் போட்டுத் தைச்சது. ஒண்ணொண்ணும் நான் தேய்ச்சது. முப்பது வருஷம் ஓட்டல் லாண்டரியில...

தையல்காரி – ஆரம்பிச்சுட்டாரு.

இஸ்திரிக்காரர் – ...தினம் இருநூறு படுக்கை விரிப்பு! புஸ்ஸுன்னு ஸ்டீம விட்டு ஒரே இழு. ஒரு சுருக்கம் காட்டு பாப்போம்?

தையல்காரி – அது ஒரே துணிங்க. இது சாய்வா, கிராஸா வெட்டின முக்கோணம். ஸ்டீமும் விட்டு, இழுத்தும் தேய்ச்சா ரப்பர் கணக்கா நீளும். கட்டத்துக்கு ஒரு நூல் கூடினாப் போதும், கடைசியில ஓரம் எங்கயோ போய் நிக்கும்.

இஸ்திரிக்காரர் – அதான் நீ சொன்ன மாதிரி சொட்டுத் தண்ணி ஊத்தலையே! பெட்டியத் தூக்கி வை, எடு... தூக்கி வை, எடு... தபால் ஆபீஸ்ல முத்திரை குத்தற மாதிரி.

தையல்காரி – முதல் நாள் எத்தனை கட்டத்த இழுத்தீங்க?

இஸ்திரிக்காரர் – கைப்பழக்கம்... ஒண்ணு ரெண்டு இருக்கும்.

தையல்காரி – பதினொண்ணு. பதினொண்ணையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வெட்டினேன்.

இஸ்திரிக்காரர் – அதையும் எண்ணி வெச்சிருக்கா பாரு... ஏய், ஒருவேளை இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?

தையல்காரி – தையல் மெஷின் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடும். சொல்லியாச்சு அவகிட்ட.

இஸ்திரிக்காரர் – சொல்லிட்டியா! எப்ப?

தையல்காரி – போன வாரம். பின்ன என்னங்க? போன வருஷம் இதே கூடத்துல, எல்லாரும் பாக்க, ஓரம் அலை அலையாத் தொங்குச்சு. 'தையல் சரியில்லை'ன்னு சீட்டு எழுதி ஒட்டினாங்க. எட்டு மாசம் மெஷின் உறையவே எடுக்கல நான். இன்னொரு தடவ தாங்க மாட்டேன்.

இஸ்திரிக்காரர் – அந்தச் சீட்டு... சரி, வராங்க. நேரா நில்லு.

நடுவர் – போன வருஷமும் வந்தீங்கல்ல?

தையல்காரி – ஆமாம்மா.

நடுவர் – ஞாபகம் இருக்கு. நடுவுக்கும் ஓரத்துக்கும் ரெண்டரை அங்குலம் வித்தியாசம்.

இஸ்திரிக்காரர் – அம்மா, அது வந்து...

தையல்காரி – நீங்க சும்மா இருங்க.

நடுவர் – சார், டேப்போட இந்த முனையப் பிடிங்க. இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க.

இஸ்திரிக்காரர் – நழுவிடுமோன்னுதாங்க.

நடுவர் – மேல... அறுபத்தொன்பது. நடுவுல... அறுபத்தொன்பது.

இஸ்திரிக்காரர் – மூச்ச விடு.

தையல்காரி – முதல்ல நீங்க விடுங்க.

நடுவர் – கீழ... இருங்க, டேப் முறுக்கிக்கிச்சு... அறுபத்தொன்பது.

தையல்காரி – அம்மா!

நடுவர் – இருங்க, இன்னொரு தடவ. மூணும் ஒண்ணா வந்தா எனக்கு என் டேப் மேலயே சந்தேகம் வரும்... அறுபத்தொன்பதேதான்! ஒட்டுப் போட்ட இடத்துல தடவிப் பாத்தா மேடே தெரியலையே. யாரு தேய்ச்சது? ஸ்டீமா, வெறும் பெட்டியா?

தையல்காரி – இவர்தாம்மா. வெறும் பெட்டி.

நடுவர் – தொழிலே இதுவா சார்?

இஸ்திரிக்காரர் – ஓட்டல்ல... முப்பது வருஷம். எல்லாம் ஸ்டீம்தான்.

நடுவர் – ஸ்டீம்ல இழுத்துப் பழகின கையா இது! நம்ப முடியல. இந்தாங்க சிவப்பு ரிப்பன், நீங்களே குத்துங்க.

இஸ்திரிக்காரர் – சிவப்புன்னா... மூணாவதுங்களா?

நடுவர் – முதல் பரிசு சார்! உங்களுதுதான் கடைசி, மத்ததெல்லாம் அளந்தாச்சு. வரேம்மா.

தையல்காரி – என்னங்க... என்னங்க! ஜெயிச்சுட்டோம்! ரிப்பனக் குத்தச் சொன்னா அதுல கண்ணத் துடைக்கறீங்க?

இஸ்திரிக்காரர் – உன் தங்கச்சிக்குப் போனப் போடு. மெஷின் வராதுன்னு சொல்லு. இடம் ஒழிச்சு வெச்சிருந்தா அங்க ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்துக்கச் சொல்லு!

தையல்காரி – கத்தாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க... பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்!

இஸ்திரிக்காரர் – இரு... அதுக்கு முன்னாடி ஒண்ணு. போன வருஷம் உன் தையல்ல ஒரு தப்பும் இல்ல.

தையல்காரி – இப்ப எதுக்கு அது?

இஸ்திரிக்காரர் – கேளு. நீ தங்கச்சி வீட்டுக்குப் போன அன்னிக்கு, உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு எல்லாக் கட்டத்தையும் நான்தான்... ஸ்டீம விட்டு, நல்லா இழுத்து... நீ மெஷின மூடி வெச்சுட்டு உக்காந்திருந்த. நான் வாயத் திறக்கல. என்ன வேணாத் திட்டு.

தையல்காரி – அன்னிக்கு வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்சப்பவே பாத்தேன். ஸ்டீம்ல ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்துச்சு.

இஸ்திரிக்காரர் – தெரியுமா உனக்கு? அப்புறம் ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?

தையல்காரி – ஓட்டல்ல உங்கள வேண்டாம்னு அனுப்பி அப்ப ஒரு வாரம்கூட ஆகல. வீட்லயும் உங்க கை வேண்டாம்னு நான் சொல்லணுமா? எனக்குத் தைக்கத் தெரியாதுன்னு நாலு பேரு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.