புருஷன் பக்கத்துக் கையெழுத்து

அந்த ஷூவா? அதை யாரும் போடறதில்லம்மா. சும்மா கிடக்கு. ஆம்பள இருக்கற வீடுன்னு தெரியணுமில்ல, அதுக்கு வாசல்ல வச்சது. பழைய சாமான் கடையில இருந்ததுலயே பெரிய சைஸாப் பாத்து நான்தான் வாங்கிட்டு வந்தேன். ஏன், நீங்க இருக்கீங்களேங்கறீங்களா? என் செருப்பைப் பாத்தீங்கல்ல? அதைப் பாத்தா எந்தத் திருடன் பயப்படுவான்? பாவப்பட்டு எதாவது வச்சிட்டுப் போவான்.

அதனால அதை அடிச்சிடுங்க. கணவர் வந்துபோகும் அடையாளம் உண்டுன்னு எழுதினீங்கல்ல, அதைத்தான். எனக்கு முட்டிதான் போச்சு, கண்ணு நல்லாத்தான் இருக்கு.

உக்காருங்க. அதுல வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அவ ஆஸ்பத்திரியில இருக்கா, டூட்டி முடிஞ்சு வந்துடுவா. சின்னது பள்ளிக்கூடம் போயிருக்கு. என்ன கேக்கணுமோ என்னைக் கேளுங்க. சுருக்கமாக் கேளுங்க. வளவளன்னு பேச எனக்கு வராது.

எதுக்கு மேல படிக்கணுமா? ஜோர். படிக்க உதவி பண்ற டிரஸ்ட்டுலேருந்து வந்து, எதுக்குப் படிக்கணும்னு கேக்கறீங்க. அவ பிசியோதெரபி படிச்சவம்மா. விழுந்து கிடக்கறவங்களை நடக்க வைக்கற வேலை. அவளுக்குப் பின்னாடி வந்த பொடிப்பசங்க எல்லாம் மேல ஒரு பட்டத்தை வாங்கிட்டு வந்து அவளுக்கே உத்தரவு போடறானுங்க. சின்னது தூங்கினதும் என் முட்டியை மடக்கி, நிமித்தி, அதை வச்சுத்தான் பரிச்சைக்குப் படிச்சா. நான் கத்துவேன். கத்தாதீங்க, இந்தக் கேள்வி கட்டாயம் வரும்னுவா. வந்துச்சோ என்னவோ, இப்ப நான் மாடிப்படி ஏறறேன். அவளுக்கும் சீட் கிடைச்சிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டலைன்னா அடுத்து நிக்கறவனுக்குப் போயிடும்.

பாங்கா? போனா. புருஷன் சம்பளச் சீட்டு கேட்டிருக்கான். அவர் விட்டுட்டுப் போயிட்டார்னு சொல்லியிருக்கா. அப்படியா, சரி, அவர் திரும்பி வந்ததும் வாங்கன்னுட்டான்.

இன்னொரு இடம். புருஷனை இழந்தவங்களுக்கு மட்டும். அங்க ஒரு கிளார்க், தங்கமான மனுஷன். பேப்பரைப் பாத்துட்டு உச்சுக் கொட்டினாராம். அவர் மட்டும் காலமாகியிருந்தா இந்நேரம் செக்கே வாங்கியிருப்பீங்களேம்மான்னு. மனசார வருத்தப்பட்டிருக்கார். என்ன பண்றது, அவன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். சளிகூடப் பிடிக்காத உடம்பு.

அப்பறம் ஒண்ணு, தனியாப் பிள்ளை வளக்கறவங்களுக்குன்னே வச்சது. நேர்ல வரச் சொன்னாங்க. குழந்தைகளை அழைத்து வரக் கூடாதுன்னு கீழ போட்டிருந்துச்சு. அன்னிக்குப் பாத்து நான் கண்ணு ஆபரேஷன்ல கிடந்தேன். அவ குழந்தையோட போனா. வாசலோட அனுப்பிட்டான். தனியா வளக்கறவ பிள்ளையை எங்கம்மா விடுவா? கைப்பையிலயா?

சிரிங்க, சிரிங்க. உங்க டிரஸ்ட் என்ன பண்ணப் போகுதோ.

என்னது, ஒண்ணு குறையுதா? சத்தமாப் படிங்க. புருஷன் பக்கத்துச் சொந்தம் ஒருத்தர், அவன் விட்டுட்டுப் போனது நிசம், காலணா குடுக்கறதில்லைன்னு கையெழுத்துப் போடணுமா? அடேங்கப்பா. இதை யோசிச்சவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. ஓடிப்போனவன் வீட்டுக் கதவைத் தட்டி, உங்க பிள்ளை அயோக்கியன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்கன்னா, உக்கார வச்சு எழுதிக் குடுப்பாங்களா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்மா.

கோவமெல்லாம் இல்லை. என் குரலே இப்படித்தான்.

மூணு தடவை கேட்டும் குடுக்கலையா? என்ன காரணம் சொன்னா?

அப்படி யாரும் இல்லைன்னு சொன்னாளா?

அவ வாயாலயா?

ம்.

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. எல்லாம் குடுத்தாச்சு, விசாரிக்க ஆள் வரும், அவ்வளவுதான்னா. கல்லுளிமங்கி.

இருங்க, ஃபைலை மூடாதீங்க. நான் சொல்றேன், எழுதுங்க. என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அவன் போயி ரெண்டு வருஷமாச்சு. வேற வீடு, வேற ஆளு. பெத்த பொண்ணு பொறந்தநாளுக்குக்கூட ஒரு போன் கிடையாது. காசு, பேச்சே இல்லை. அயோக்கியன்னு போட எடம் இருந்தாப் போடுங்க, இல்லைன்னா பரவால்ல. கையெழுத்து இங்கதானே?

நான் போட்டா செல்லாதா? பொண்ணோட அப்பா போடக் கூடாதா? வாஸ்தவம். அவ அப்பா இருந்திருந்தாப் போடக் கூடாதுதான். அவர் அவ கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டார்.

உறவுமுறைன்னு இருக்கற எடத்துல, அவனைப் பெத்த அப்பன்னு எழுதுங்க.

யோசிக்கவா? என்னத்தை யோசிக்க? என் வீட்டுக்காரி அவனோடதான் இருக்கா. ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணுவா, முட்டி எப்படியிருக்குன்னு கேப்பா. இனிமே கேக்க மாட்டா. அது என் பாடு.

என்னம்மா, பேனா நின்னுடுச்சு? எழுதுங்க சீக்கிரம். மருமக வர்ற நேரமாச்சு. இதைப் பாத்தான்னா கிழிச்சுப் போட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பா.