பிரபஞ்சம் வந்த வெள்ளிக்கிழமை

இந்த சுலைமானி டீ அருமை, மீராசா. ஏலக்காய் அளவாக இருக்கிறது. போலீஸ் அதிகாரிக்கு அரபியில் மொழிபெயர்க்கும்போது, நான் முழுமனதோடு ஒத்துழைக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அல் ஐனுக்கு வந்த நாளிலிருந்து ஒரு பார்க்கிங் அபராதம்கூட வாங்கியதில்லை நான்.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன். அது புரிந்தால் மற்றதும் புரிந்துவிடும். பிரபஞ்சத்திலுள்ள பொருளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். அதைக் கோடிக்கணக்கான புள்ளிகளாகக் கணினிகளில் தூவி, ஈர்ப்புவிசையை மட்டும் கொடுத்து விட்டுவிடுவேன். புள்ளிகள் ஒன்றையொன்று இழுத்து இழை இழையாகத் திரளும். இழைகள் கூடும் முடிச்சுகளில் விண்மீன் மண்டலங்கள் பிறக்கும். பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து மாதக்கணக்கில் ஓடிய கணக்கு, 2007 ஆகஸ்டில் அந்த வெள்ளிக்கிழமை நம் காலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வார விடுமுறையில் ஆளில்லாத பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் விசிலடித்துக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் அருள்முருகன் வந்தார். ஏசி மெக்கானிக், பரமக்குடிப் பக்கம். நல்ல மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கணினி அறையைக் குளிரவைக்கும் இயந்திரத்தைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போனவர், படிக்கட்டின் மேலிருந்தே குரல் கொடுத்தார்.

"கௌரிசங்கர் சார், மோட்டாரு ரொம்ப சூடாயிருச்சு. கீழ வந்து மெயினை ஆஃப் பண்ணிர்றேன். கம்ப்யூட்டரெல்லாம் நிப்பாட்டிருங்க."

"எவ்வளவு நேரம் ஆகும் அருள்?"

"சாயங்காலம் ஆயிரும் சார். இருங்க, டூல்ஸை எடுத்துட்டு வந்துர்றேன்."

அவர் வெயிலுக்குள் திரும்பிப் போனார். நான் படியேறி இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மெதுவாகத்தான் போட்டேன், அவர் திடுக்கிடக் கூடாது.

தட்டினார். கணினி அறைக்குள் வந்துவிட்டால் விசிறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. அவருடைய செல்போன் அங்கே சார்ஜில் கிடந்தது. அடித்தது, எடுத்தேன். ஊரிலிருந்து அவர் மனைவி பானுமதி.

"அவுக இல்லீங்களா சார்?"

"மேல வேலையா இருக்காரும்மா."

"வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லுங்க சார். தலைவலி வந்துரும்."

சொல்கிறேன் என்றேன். நான் பொய் பேசுகிறவன் இல்லை. அவர் மேலேதானே இருந்தார்.

பிறகு கணக்கு முடிந்து திரையில் படம் வந்தது. கருப்பில் ஊதா இழைகள், முடிச்சுக்கு முடிச்சு பொன்னொளி. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளிர்ந்த தரையில் ஆடினேன். கணினிகளுக்கு வரிசையாக முத்தம் கொடுத்தேன். மோட்டாரும் நல்லபடியாகத் தாங்கியது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பிருந்தா, பிரபஞ்சம் வந்துருச்சு."

"வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க," என்று சிரித்தாள் என் மனைவி.

கிளம்பும்போது படிக்கட்டடியில் நின்று கேட்டேன். தட்டும் சத்தம் இல்லை. சமாதானமாகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மாலையில் குடும்பத்தோடு ஜபல் ஹஃபீத் மலைக்குப் போனோம். எல்லோருக்கும் ஐஸ்கிரீம். "அப்பா, யூ ஆர் கிரேஸி," என்று என் மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தக் குதூகலத்தில் கதவு மறந்தே போனது. ஞாயிறன்று துப்புரவுப் பணியாளர் தாழ்ப்பாளைத் திறந்து அருள்முருகனின் உடலைப் பார்த்துக் கத்தியபோதுதான் நினைவு வந்தது.

அதிகாரி என்ன கேட்கிறார்? நிறுத்தியிருந்தால் கணக்கு அழிந்திருக்குமா என்றா? இல்லை. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர்ந்திருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், மீராசா. சனிக்கிழமையும் அப்படியே இருந்திருப்பேன் என்று யாரால் சொல்ல முடியும்?