சிசிலியின் பிரிட்ஜில் வைத்த அப்பிள்

சுவாமி, அப்பிள் உடம்புக்கு நல்லது. ஜான்-டலோன் சந்தையில் செப்டம்பர் மாதம் கூடை கூடையாய்க் குவித்திருப்பார்கள். ஒரு கூடை எனக்கு, ஒரு கூடை மேல்மாடிச் சிசிலிக்கு என்று வாங்கி வந்தேன். நடந்தது இவ்வளவுதான். ஆனாலும் சிசிலி ஏன் இப்போது கோயில் பூ வேலைக்கு வருவதில்லை என்று நீங்கள் கேட்டபடியால், ஒழுங்காகவே எழுதிவிடுகிறேன்.

நமது கோயில் இயேசு பாலன் குடிலுக்கு முன்னால் 2006க்கு முன்பே ஒன்பது நத்தாராக என் பூச்சட்டிகள்தான் நின்றன. நீங்கள் போன வருடம் வந்தவர், பழைய கதை உங்களுக்குத் தெரியாது. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும், உள்ளே நான் கிழங்கு நட்டு வளர்த்த வெள்ளை ஜசாந்த் பூ மணக்கும். சனம் முதலில் பூவைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும், அதன்பிறகுதான் பாலனைப் பார்க்கும். அதில் எனக்கு எள்ளளவும் பெருமை இல்லை.

2006இல் சிசிலி பன்னிரண்டு பூக்கிழங்குகளோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"திரேசக்கா, இந்த முறை நானும் குடிலுக்குப் பூ வைக்கப்போறன். எப்படியெண்டு சொல்லித்தாங்க."

நான் ஒன்றும் ஒளிக்கவில்லை. கிழங்குக்கு மூன்று மாதக் குளிர் வேண்டும், பிரிட்ஜில் வை, டிசம்பர் பிறந்ததும் எடுத்துச் சட்டியில் நட்டு யன்னலடியில் வை என்றேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பழங்கள் ஒருவித வாயுவை விடும். அது கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். இலை வரும், பூ வராது. என் முதல் வருடக் கிழங்குகள் அப்படித்தான் போயின. எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? பட்டுத்தான் தெளிந்தேன். அவளும் தெளியட்டுமே.

அப்பிளைக் கொடுத்தபோது, "இத எங்க வைக்கிறது, அக்கா?" என்று கேட்டாள்.

"கிழங்குக்குப் பக்கத்திலயே வை பிள்ளை, வாடாது."

கிழமைக்குக் கிழமை புதுப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சிசிலியில உனக்கு எப்ப இருந்து இவ்வளவு பாசம்?" என்று என் மனுசன் கிறிஸ்தோப்பர் கேட்டார். ஆண்களுக்கு எதைத்தான் விளங்கப்படுத்துவது? பன்னிரண்டு மொட்டுகளையும் கருக்கியது நான்தான், சுவாமி. அதை நான் மறைக்கவில்லை.

நத்தாருக்கு என் சட்டிகள் எல்லாம் பூத்தன. சிசிலியின் சட்டிகளில் வெறும் இலை. என் குசினிக் கதிரையில் இருந்து விம்மி விம்மி அழுதாள்.

"என்ட கை ராசியில்லாத கை, அக்கா. உங்கட கைராசி எனக்கு வருமா?"

உண்மை வாய்வரை வந்தது, சத்தியமாக. ஆனால் அழுகிறவளுக்கு விஞ்ஞானம் சொல்வது அழகில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அதோடு அவள் ஒரு செடியையும் தொடவில்லை. பிறகு பீடத்துப் பூவையும் தொடவில்லை. பிறகு கலியாண வீடுகளில் பலகாரத்துக்கு மாக் குழைப்பதையும் விட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. பாவம், அவளுக்குக் கைராசி இல்லை, ஒருவரும் அவளைக் கரைச்சல்படுத்த வேண்டாம் என்று நமது செயின்ட்-மிஷேல் பகுதி முழுக்கச் சொல்லிவைத்தேன்.

போன மாதம் அவள் மகள் சுதாஜினிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. லவாலில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சிசிலி என்னையும் கூட்டிப்போனாள். மகள் பிள்ளையை நீட்ட, சிசிலி இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, தூக்குங்கோவன்."

"என்ட கை வேணாம் மகள். முதல் முதல் திரேசக்கா தூக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறையத் தண்ணீர். எனக்கு நெஞ்சே கரைந்துபோயிற்று.

அப்போதாவது உண்மையைச் சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சுவாமி. அதற்குள் பிள்ளை என் கைக்கு வந்துவிட்டது. அழவில்லை, சிணுங்கக்கூட இல்லை, அப்படியே தூங்கிப்போயிற்று. ராசியான கை எதுவென்று பிள்ளைக்குத் தெரியாதா என்ன?