மிதந்த முட்டை

செண்பகம்: இன்னும் கொஞ்சம் முறுக்குய்யா! ஜீப்பு இந்நேரம் பிரம்மதேசம் தாண்டியிருக்கும்.

சவுரிராயன்: பொண்டாட்டிய பின்னாடி ஒக்கார வெச்சிக்கினு பறக்கச் சொல்றியா? ஆமா... முந்தானையில இன்னா முடிஞ்சிக்கினு வர்ற?

செண்பகம்: முட்டை.

சவுரிராயன்: முட்டையா! யாருக்கு?

செண்பகம்: இன்ஜினியரம்மாவுக்கு. பள்ளம், பள்ளம்... பாத்து ஓட்டு!

சவுரிராயன்: காலையில கூட்டத்துல அந்தம்மாவ அந்தப் பேச்சு பேசின. "மழையில உப்பளத்துல தேங்கற தண்ணிய எங்க ஆத்துல திருப்பிவுட்டா நாங்க இன்னாத்தக் குடிக்கறது, நாத்துக்கு இன்னாத்தப் பாய்ச்சறது"ன்னு மைக்க வுடவேயில்ல. இப்போ முட்டை குடுத்து சமாதானமா?

செண்பகம்: நானாச்சும் பேசினேன். நீ? உப்பள மொதலாளி பக்கத்துல கையக் கட்டிக்கினு நின்ன. போன வருஷம் கரை ஒடைஞ்சி அந்தத் தண்ணி வந்து நாத்து மொத்தமும் கருகிச்சே, அது உன் நாத்து இல்லியா?

சவுரிராயன்: அவருகிட்ட வேலை செய்றேன் செண்பகம்...

செண்பகம்: செய்யி. யாரு வேணாம்னா?

சவுரிராயன்: சரி வுடு, அதான் ஜெயிச்சிட்டியே! ரெண்டு குண்டான் வெச்ச. ஆத்துத் தண்ணியில போட்ட முட்டை முழுகிச்சி. உப்பள வாய்க்கா தண்ணியில போட்டது ஜம்முனு மிதந்துச்சி. ஊரே விசிலடிச்சது.

செண்பகம்: நீதான சொல்லுவ, உப்பளத்துல முட்டைய மிதக்கவுட்டுத்தான் தண்ணியோட உப்புப் பதம் பாப்போம்னு. அதான்...

சவுரிராயன்: இன்னா இழுக்கற?

செண்பகம்: அந்தம்மா ரெண்டு முட்டையையும், மீதி தண்ணிய ரெண்டு கேன்லயும் விழுப்புரத்துக்கு எடுத்துக்கினு போறாங்க. பெரிய ஆபீசருக்குச் செஞ்சி காட்டணுமாம்.

சவுரிராயன்: நல்லதுதான?

செண்பகம்: இன்னா நல்லது? அந்த மிதந்த முட்டை... சிரிக்க மாட்டியே?

சவுரிராயன்: சொல்லுடி.

செண்பகம்: கூமுட்டை. கருப்புக் கோழி அடைகாத்துப் பொரிக்காம கெடந்தது. எந்தத் தண்ணியில போட்டாலும் மிதக்கும்.

சவுரிராயன்: அடிப்பாவி! இன்ஜினியருக்கே கூமுட்டைய... ஹாஹா...

செண்பகம்: சிரிக்காதய்யா, வண்டி ஆடுது! இங்க முடிஞ்சிருக்கறது நல்ல முட்டை. எப்படியாச்சும் அத எடுத்துட்டு இத வெக்கணும்.

சவுரிராயன்: வழியில அது ஒடைஞ்சா விழுப்புரம் வரைக்கும் ஜீப்பு நாறும்!

செண்பகம்: நான் மாட்டிக்கினா இன்னா ஆவும்னு கெடக்கறேன், உனக்கு விளையாட்டா இருக்குது.

சவுரிராயன்: தோ பாரு, திண்டிவனம் வந்துடுச்சி. டீக்கடை வாசல்ல நிக்கறது அந்த ஜீப்புதான? அந்தம்மா உள்ள டீ குடிக்கறாங்க. எறங்கு, ஜல்தி!

செண்பகம்: அய்யய்யோ...

சவுரிராயன்: இன்னா ஆச்சி?

செண்பகம்: இப்பதான்யா உறைக்குது. கூமுட்டைய வுட்டுட்டா, அங்க போயி ஆத்துத் தண்ணியில மாத்திப் போட்டாலும் மிதக்கும். நல்ல முட்டைய வெச்சா வாய்க்கா தண்ணியில முழுகிடும்.

சவுரிராயன்: முழுகும்னு உனக்கெப்படித் தெரியும்?

செண்பகம்: நேத்து சொம்புல மொண்டாந்து போட்டுப் பாத்தேனே! வாயில வெக்க முடியல, அப்படிக் கரிக்குது. நாத்து கருகறதுக்கு அந்த உப்பு போதும்யா. முட்டை மிதக்கத்தான் போதல. அதுக்குத்தான் கூமுட்டையே. ரெண்டுல எது செஞ்சாலும் நான் மாட்டினேன். ஆறு போச்சி...

சவுரிராயன்: ஏய்... அழுவுறியா?

செண்பகம்: பின்ன சிரிப்பாங்களா?

சவுரிராயன்: கண்ணத் தொடைச்சிக்க. போயி நல்ல முட்டையவே வெச்சிட்டு வா. மிதக்கும்.

செண்பகம்: எப்படிய்யா மிதக்கும்?

சவுரிராயன்: காலையில வாய்க்கா தண்ணிய கேன்ல மொண்டாந்தது யாரு?

செண்பகம்: நீதான். உங்க மொதலாளிதான உன்ன அனுப்பினாரு, நம்ம ஆளுன்னு நம்பி.

சவுரிராயன்: ஆங். கூட்டத்துல வாயத் தொறந்தா அவரு பாத்துடுவாரு. வாய்க்கா ஓரமா குந்திக்கினு கேன்ல ஒரு படி உப்பக் கரைச்சத யாரு பாத்தா?