பதினொரு சுவர்

(பச்சை ஃபைல். நான் எடுத்து வந்திருக்க வேண்டியது கறுப்பு. இரண்டும் மேசைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன; போனில் பேசிக்கொண்டே குனிந்து கைக்கு வந்ததை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நான் செதுக்கி அச்செடுக்கும் படங்கள் எல்லாம் இந்த ஃப்ரேம் கடைக்கு வரும், ஒன்றைத் தவிர. அது இங்கே வராது என்று ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் வாசலில் குடையை மடக்குவதற்குள் கடைக்காரர் நாடாவை அவிழ்த்துவிட்டார். பேசு. ஏதாவது பேசு.)

— அண்ணா, அது இல்ல… தப்பா எடுத்துட்டு வந்துட்டேன். குடுங்க.

— இரும்மா. உன் கையெல்லாம் ஈரம். காகிதத்துல பட்டா கறை புடிச்சுக்கும்.

— பரவால்ல, குடுங்க.

— பரவால்லையா! போன மாசம் ஒரு விரல் ரேகை பட்டதுக்கு என்னை என்ன பாடு படுத்தின நீ?

— நான் கொண்டுவர நினைச்சது வேறண்ணா. குப்புறப் படுத்திருக்குமே, பெருசு… அது.

— அந்த டாக்டர் கேட்டதுதானே? சனிக்கிழமைக்கு வேணும்னாரே?

— அதேதான். நாளைக்குக் கொண்டு வர்றேன். இதைக் கட்டிக் குடுத்துடுங்க.

— கட்டலாம், கட்டலாம்… இதை நான் பார்த்ததே இல்லையே.

— புதுசுண்ணா.

— புதுசா? கீழ பென்சில்ல போன வருஷம்னு போட்டிருக்க?

— …புதுசு மாதிரிதான்.

— இருபது காப்பின்னு வேற இருக்கு. ஒண்ணுகூட என் கடைக்கு வரலையே. யாருகிட்ட சட்டம் போடுற?

— சட்டம் போடாம, குழாயில சுருட்டி அனுப்பிடறேன்.

— சுருட்டினா காகிதம் செத்துப்போயிடும்னு எனக்கே பாடம் எடுத்தவ நீ. உண்மையைச் சொல்லு.

— மூணு தெரு தள்ளி ஒருத்தர்…

— அந்தக் கோணக்கையன்கிட்டயா? அவன் போடுற ஃப்ரேம்ல மூலை சேரவே சேராதே! பல்லு விழுந்த வாய் மாதிரி இளிச்சுக்கிட்டு நிக்கும்.

— அண்ணா…

— எட்டு வருஷம்மா! உன் அம்மணப் படம் ஒவ்வொண்ணுக்கும் பிரவுன் பேப்பரைச் சுத்தி, சுவத்தைப் பார்க்கத் திருப்பி வெச்சிருக்கேன். பக்கத்துக் கடை வாட்ச்காரன் கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டே எட்டிப் பார்ப்பான். அவனை விரட்டினது யாரு? இப்ப இந்த ஒண்ணுக்கு மட்டும் நான் ஆகாதவனாயிட்டேனா?

— லென்ஸோடவா பார்த்தாரு!

— பேச்சை மாத்தாத.

— மாத்தல… ஒரு கதை கேளுங்க. போன வாரம் ஒருத்தர் போன் பண்ணாரு. படம் ரொம்பப் புடிச்சிருக்காம். ஆனா மாமியார் வந்து தங்கப்போறாங்களாம். இடுப்புக்கு ஒரு துண்டு மட்டும் வரைஞ்சு தர முடியுமான்னாரு.

— ஹா! நீ என்ன சொன்ன?

— நிஜத் துண்டாவே ஃப்ரேம் மேல போட்டுக்குங்க, மாமியார் ஊருக்குப் போனதும் எடுத்துடலாம்னேன்.

— வாங்கினானா?

— ரெண்டு வாங்கினாரு.

— ஹா ஹா… சிரிச்சுட்டேன். ஆனா படத்தைக் கீழ வைக்கல, பார்த்தியா?

— …பார்த்தேன்.

— இந்த இடது பக்கம்… முடிக்காம விட்டுட்டியாம்மா?

— இல்ல. முடிச்சதுதான்.

— ஒரு பக்கம் மார் இருக்கு. இந்தப் பக்கம் ஒரு கோடு மட்டும் இருக்கு.

— அவங்களுக்கு அப்படித்தான் இருக்குண்ணா. ஆபரேஷன் ஆச்சு.

— ஓ.

— முதல்ல நான் முடியை முன்னால வழியவிட்டு மறைச்சிருந்தேன். அச்சு எடுத்துக் காட்டினதும், ‘இது என்ன, ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரி?’ன்னு கேட்டாங்க. திரும்பச் செதுக்கினேன்.

— கட்டையில செதுக்கினதைத் திருத்த முடியாதே?

— முடியாது. வேற கட்டை எடுத்து மறுபடி முதல்லேருந்து. நாலு மாசம்.

— நாலு மாசமா… இந்தத் தழும்பை எப்படி இவ்வளவு மெல்லிசா செதுக்கின?

— அதைச் செதுக்கலண்ணா. உளி பட்ட இடம் வெள்ளையா வரும், படாத இடம்தான் கறுப்பு. அதைச் சுத்தி இருக்கிறதெல்லாம் செதுக்கினேன். அதை மட்டும் தொடல.

— தொடல…

— சரி, குடுங்க. மழை விட்டுடுச்சு.

— விடல, நல்லா பெய்யுது. யாரும்மா இவங்க?

— பேர் சொல்றதில்லண்ணா. எட்டு வருஷத்துல ஒரு பேராவது சொல்லியிருக்கேனா?

— இல்ல. நானும் கேட்டதில்ல.

— இப்ப மட்டும் ஏன்?

— முகம் திரும்பியிருக்கு, காது மட்டும் தெரியுது. அதான், சும்மா… உக்காந்திருந்தப்போ அழுதாங்களா?

— யாரு, அவங்களா? இல்லவே இல்ல.

— கொஞ்சம்கூட?

— முதல் நாள் போர்வையை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு. மறுநாள்லேருந்து வாய் ஓயல. ஊர்க் கதை பூரா சொன்னாங்க. புருஷன் விடற குறட்டையை நடிச்சுக் காட்டினாங்க பாருங்க, சிரிச்ச சிரிப்புல எனக்கு வரையற கையே…

— குறட்டையா?

(என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.)

— …பொதுவா சொன்னேண்ணா. எந்தப் புருஷன்தான் குறட்டை விடல?

— எப்படி நடிச்சாங்க?

— அதெல்லாம் எதுக்கு இப்ப…

— முதல்ல விசில் மாதிரி மெல்ல ஆரம்பிக்குமா? அப்புறம் டீசல் தீர்ந்துபோன மோட்டார் மாதிரி விட்டு விட்டு… கடைசியில ஒரு இருமல்?

— அண்ணா…

— எங்கிட்டயும் நடிச்சுக் காட்டுவா. முன்னாடி… இரு, போன் அடிக்குது… ஹலோ. ம், சொல்லும்மா… கடையிலதான் இருக்கேன்… ஆமா, இங்கயும் மழைதான்… ஆர்ட்டிஸ்ட் பொண்ணு வந்திருக்கு… சும்மாதான், ஒரு ஃப்ரேம் விஷயமா… ஹலோ? லைன்ல இருக்கியா?… குரலுக்கு என்ன, மரத்தூள் போயிடுச்சு… மாத்திரை போட்டியா?… எது, ரூம் தாழ்ப்பாளா? ஆடுதா?… சரி. ஸ்க்ரூ கொண்டு வர்றேன். வந்ததும் முறுக்கிடறேன்… சரி. சரிம்மா.

— அண்ணியா?

— அவதான். நீ எதுக்கு வந்திருக்கேன்னு கேட்டா.

— சொல்லிடாதீங்கண்ணா. நான் கொண்டுவந்தேன்னு தெரிஞ்சா…

— என்னன்னு சொல்றது நான்?

— எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?

— நாடாவை அவிழ்த்ததுமே. இருபத்தாறு வருஷம்மா, முகம் எதுக்கு? கால் கட்டைவிரலைத் தூக்கிப் பக்கத்து விரல் மேல ஏத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா பாரு. உலகத்துல வேற யாராவது இப்படி உக்காருவாங்களா?

— தெரிஞ்சுக்கிட்டே யாருன்னு கேட்டீங்களா!

— நீ சொல்லிட்டா உன்மேல கோபப்படலாம்னு பார்த்தேன்.

— இப்பவும் படலாம்.

— வரமாட்டேங்குது… உன் வீட்டுக்கு எப்படி வந்தா?

— உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்தீங்களே, அப்ப ஃப்ரேமைக் குடுக்க வந்தாங்க. சுவத்துல காய வெச்சிருந்த படமெல்லாம் ஒவ்வொண்ணா பார்த்தாங்க. போறப்போ வாசல்ல நின்னுக்கிட்டு, ‘என்னை மாதிரி இருக்கிறவங்களையும் வரைவியா?’ன்னாங்க.

— என்னை மாதிரின்னா…

— நானும் புரியாத மாதிரிதான் நின்னேன். ஜாக்கெட் பட்டன்ல கை வெச்சுக் காட்டினாங்க.

— ம்… எத்தனை வித்துச்சு?

— எதுக்குண்ணா அது?

— சொல்லேன்.

— பதினொண்ணு.

— பதினொரு பேரு. யாரு யாரு?

— பாதிப் பேர் எனக்கே யாருன்னு தெரியாது, ஆன்லைன்ல வாங்கினவங்க. ஒரு டீச்சர் இருக்காங்க. ஒரு லாரி ஆபீஸ் முதலாளி. அப்புறம் இதே ஆபரேஷன் ஆனவங்க ரெண்டு பேரு. ஒருத்தங்க கட்டிலுக்கு எதிர்லயே மாட்டியிருக்கேன்னு எழுதியிருந்தாங்க. அதை அண்ணிகிட்ட படிச்சுக் காட்டினேன்.

— என்ன சொன்னா?

— ‘திரும்பப் படி’ன்னாங்க.

— பதினொரு வீட்டுச் சுவத்துல இருக்கா. எங்க ரூம்ல ரெண்டு வருஷமா லைட்டு எரியறதில்லம்மா. துணி மாத்தணும்னா கதவைத் தாழ் போட்டுக்குவா. அந்தத் தாழ்ப்பாளை மாட்டிக் குடுத்ததே நான்தான். வேணும்னு அவ சொன்னா, மாட்டினேன். இப்ப அது ஆடுதாம்.

— உக்காருங்கண்ணா.

— ஆஸ்பத்திரியில கட்டு மாத்தறப்போ என்னை வெளில நிக்கச் சொன்னா. நின்னேன். இன்னும் உள்ள வான்னு சொல்லல. யாருன்னே தெரியாத பதினொரு பேர் பார்க்கலாம். நான் ஆகாதா? நான் என்னம்மா பாவம் பண்ணேன்?

— அவங்க யாரும் அண்ணியை முன்னாடி பார்த்ததில்லண்ணா.

— அதனால?

— அவங்களுக்கு இது ஒரு பொம்பள, இப்படி இருக்கா, அவ்வளவுதான். நீங்க பார்த்தா… எது இல்லைன்னு தேடுவீங்களோன்னு பயம்.

— அவ சொன்னாளா?

— …எனக்கா தோணுச்சு.

— பொய் சொல்றப்போ குடைக்காம்பைத் திருகுற நீ.

— சொன்னாங்க.

— இப்ப பார்த்துட்டேனே! எது இல்லைன்னா தேடினேன்? கால் விரலைத்தானேம்மா முதல்ல பார்த்தேன்! நீயே சொல்லு, அதைத்தானே பார்த்தேன்?

— ஆமாண்ணா.

— அதை அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?

(அவர் படத்தின் மேல் விரல் வைக்கவில்லை. வழக்கம்போல ஓரத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக்கொண்டிருக்கிறார். கண்ணாடி வெட்டும் கை.)

— எனக்கு இதைக் குடுத்துடும்மா.

— அண்ணா…

— சும்மா கேக்கல, விலை சொல்லு. உள் ரூம்ல ஒரு தேக்குச் சட்டம் இருக்கு. எத்தனையோ பேர் கேட்டாங்க, மனசு வராம வெச்சிருக்கேன். அதைப் போட்டு அங்கயே வெச்சுக்கறேன், உடைஞ்ச கண்ணாடியெல்லாம் கிடக்குமே, அந்தப் பக்கம். யாரும் போகமாட்டாங்க. மத்தியானம் ஷட்டரை இறக்கிட்டுச் சாப்பிடறப்போ எதிர்ல சாத்தி வெச்சுப்பேன்.

— அண்ணிக்கு?

— அவளுக்குத் தெரியவே வேணாம். சத்தியமா சொல்லமாட்டேன்.

— அவங்க ரூம்ல தாழ் போட்டுக்கறாங்க. நீங்க கடையில ஷட்டரை இறக்கிப்பீங்க.

— …குத்திக் காட்டுறியா?

— இல்லண்ணா. கஷ்டமா இருக்கு.

— பன்னெண்டாவது ஆளா நினைச்சுக்கோ. ரோட்டுல போறவன் ஒருத்தன் வந்து கேக்கறான், வித்துட்ட. எட்டு வருஷத்துல உங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேனா?

— இல்ல.

— அப்புறம் என்ன?

— குடுங்கண்ணா. நாடாவை நான் கட்டிக்கறேன்.

— முகத்தைப் பார்த்துச் சொல்லு. வேற யார் வந்து கேட்டாலும் விப்பதானே?

— விப்பேன்.

— எனக்கு மட்டும் ஏன் கூடாது?

— முதல் காப்பி உங்களுதுண்ணா, என் வீட்ல தனியா இருக்கு. போன வருஷம் அச்சு காயறதுக்குள்ளயே அண்ணி பென்சிலைப் பிடுங்கி, ஓரத்துல உங்க பேரை எழுதிட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவை வந்து எடுத்துப் பார்ப்பாங்க, இன்னும் ஒரு மாசம் போகட்டும்னு திரும்ப வெச்சுட்டுப் போவாங்க. அவங்களா கொண்டுவந்து குடுக்கற வரைக்கும்… உங்களுக்கு நான் விக்கமாட்டேண்ணா.