எதிர்ச்சுவரில் நின்ற தட்டக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் நீச்சல் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தட்டக்காவின் வீட்டாரே, என்னோடு நீந்தும் தோழியரே, குளத்து ஊழியர்களே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பார்வை இல்லை. பின்னால் தொங்கும் பேனரைத் தோழி ஒருத்தி படித்துச் சொன்னாள். அக்காவை 'சர்வதேசப் பாரா நீச்சலின் தூண்' என்று போட்டிருக்கிறீர்களாம். உயிரோடு இருந்தவரை அந்தத் தூணுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்தீர்களா? பதினாறு வருடம் உடை மாற்றும் அறையைக் கழுவ வந்தவராகத்தானே அவரைக் குளத்துக்குள் விட்டீர்கள்?

அவர் செய்த வேலை என்ன தெரியுமா? என்னைப் போன்றவள் நீந்தி வரும்போது, சுவர் நெருங்கிவிட்டது என்று பஞ்சு சுற்றிய கழியால் உடம்பில் தட்டிச் சொல்ல வேண்டும். அதனால்தான் அவர் எங்களுக்குத் தட்டக்கா. பெண்கள் இருநூறு மீட்டர் மெட்லியில் குளத்தின் நான்கு நீளம், ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு வகை நீச்சல். இந்தப் பக்கம் பயிற்சியாளர் நிற்பார், எதிர்ப் பக்கம் அக்கா. பட்டர்ஃப்ளையில் ஒரு முறை, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒரு முறை அவரிடம் போவேன். இரண்டிலும் இரு கைகளும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். தட்டு முந்தினால் பதக்கம் போகும், பிந்தினால் விரல் போகும்.

இதைப் பழக, நீச்சலே தெரியாத அக்கா கண்ணைக் கட்டிக்கொண்டு ஆழமில்லாத பக்கம் இறங்கினார். கழியை என் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார். நான் காதோடு சேர்த்து ஒன்று போட்டேன். "அடிப்பாவி, தட்டத்தான் சொன்னேன், தீத்துக்கட்டச் சொல்லலை" என்றார். வலியோடு மூன்று நாள் சிரித்தார். அதன் பிறகு அவர் தட்டு ஒரு நாளும் தவறியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சர்வதேசப் போட்டிக்குப் போனோம். அக்காவை அனுப்பவில்லை. அவர் இடத்தில் செயலாளரின் மைத்துனர் 'குழு மேலாளர்' என்று விமானம் ஏறினார். எதிர்ச்சுவரில் அந்த ஊர்த் தன்னார்வலர் ஒருவரை நிறுத்தினார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், பாவம், என்னை அன்றுதான் பார்த்தார். முதல் நீளம், பட்டர்ஃப்ளை. தட்டு பிந்தியது. என் வலது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. மிச்சம் நூற்றைம்பது மீட்டரையும் அந்தக் கையோடுதான் நீந்தினேன். நான்காவது இடம். சங்கம் அறிக்கையில் என்ன எழுதியது? வீராங்கனையின் கவனக்குறைவு என்று எழுதியது! யார் கவனக்குறைவு, ஐயா?

அந்த அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டியவர் அக்காதான். படித்த கையோடு நேரே சங்க அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு கழியால் தட்டுவதற்கு எதற்கம்மா விமானம் ஏற வேண்டும் என்று செயலாளர் கேட்டார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சத்தம் போடவில்லை.

"சார், கண்ணை மூடிக்கிட்டு இந்தச் சுவத்தைப் பாத்து ஓடி வாங்க. எப்ப நிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்."

ஒருவரும் ஓடவில்லை. அடுத்த போட்டிக்காவது அவரை அனுப்புவீர்களா என்பதற்குப் பதிலும் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் போகும்வரை அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

இன்னும் கேளுங்கள். அடுத்த மாதம் மறுபடியும் சர்வதேசப் போட்டி. போகிறவர்கள் பட்டியலில் மறுபடியும் மைத்துனர் பெயர். எதிர்ச்சுவருக்கு மறுபடியும் அங்கே கிடைக்கும் யாரோ ஒருவர். அக்கா தன் தங்கையைப் பதினொரு மாதமாகத் தினமும் காலையில் நிறுத்திப் பழக்கியிருக்கிறார். அந்தத் தங்கை இதோ, முதல் வரிசையில் இருக்கிறார். அக்காவை எரித்த மறுநாளும் குளத்துக்கு வந்து எனக்குத் தட்டினார். என் கை சுவரில் சரியாகப் போய்த் தொட்டது.

தட்டக்காவின் வேலையை நாங்கள் தொடர்வோம். இது என் உறுதிமொழி, இங்கே இருக்கும் ஐந்து நீச்சல்காரிகளின் உறுதிமொழி. தங்கை வராத போட்டியில் எங்களில் ஒருத்தியும் தண்ணீரில் இறங்க மாட்டாள். பதக்கம் வேண்டுமானால் மைத்துனரை நீந்தச் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்திருக்கிறீர்கள். எழுந்து நிற்கிறோம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை நான் செயலாளருக்குத் தருகிறேன். இந்தாருங்கள் மைக். பட்டியலில் இனி யார் பெயர் இருக்கும் என்று சொல்லுங்கள், ஐயா. நீங்கள் சொல்லும்வரை யாரும் உட்கார மாட்டோம்.