டிரைவர் பக்கக் கதவு

மாப்பிள்ளை: மச்சான்... ஓட்டை எங்க?

டிங்கர்: எந்த ஓட்டை?

மாப்பிள்ளை: விளையாடாத. ஜீப்புக் கதவுல இருந்த ஓட்டை.

டிங்கர்: அதுவா. அடைச்சுட்டேன்.

மாப்பிள்ளை: அடைச்சுட்டியா...

டிங்கர்: சின்னதா ஒரு வெல்டு. மேல பட்டி. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ரெண்டு கை பச்சைப் பெயிண்ட். ஒண்ணும் தெரியாது. தொடாத, இன்னும் காயல.

மாப்பிள்ளை: யாரு அடைக்கச் சொன்னா?

டிங்கர்: நான் டிங்கர். ஓட்டையப் பாத்தா அடைப்பேன். டாக்டர்கிட்டப் போய், காய்ச்சல அப்படியே விட்டுருங்கன்னு சொல்லுவியா?

மாப்பிள்ளை: அது குண்டு பட்ட ஓட்டை.

டிங்கர்: சரி.

மாப்பிள்ளை: என்ன சரி? பதினோரு மணிக்கு வண்டி மைதானத்துல நிக்கணும். பழைய பட்டாளத்து வண்டிச் சங்கத்துல எல்லாரும் வர்றாங்க. அப்பா இந்தக் கதவுக்குப் பக்கத்துல நின்னு மைக்குல பேசப் போறாரு. பட்டாளத்துல இதே ஜீப்ப ஓட்டினது, குண்டு கதவத் துளைச்சு முட்டியில பாஞ்சது, ரத்தம் ஒழுக ஒழுகப் பதினாறு மைல் ஓட்டிட்டு வந்தது...

டிங்கர்: பதினாறா? என் தங்கச்சிய உனக்குக் கட்டிக் குடுத்தப்ப எட்டு மைல்தான் இருந்துச்சு. உன் பையன் பொறந்தப்ப பன்னெண்டு. இன்னும் ரெண்டு வருஷம் விட்டா உங்கப்பா எல்லை தாண்டிருவாரு.

மாப்பிள்ளை: கிண்டல் பண்ணாத. போர்டு எழுதி வாங்கியாச்சு.

டிங்கர்: பாத்தேன். 'குண்டு துளைத்த கதவு'ன்னு அம்புக்குறியோட. அம்பு இப்ப எதக் காட்டும்?

மாப்பிள்ளை: அதத்தான் நானும் கேக்கறேன்.

டிங்கர்: விடு. சங்கம்னா யாரு, உன்ன மாதிரி நாலு பேரு. பட்டாளத்து லாரிய வாங்கி வாசல அடைச்சு நிறுத்திட்டு, ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள போறவரு. சமையல் வண்டி வெச்சிருக்கவரு, அதுல இன்னும் வெந்நி கூட வெச்சதில்ல. அப்புறம் அந்த டாங்கிக்காரரு...

மாப்பிள்ளை: அவர ஏன் இழுக்கற?

டிங்கர்: பேருதான் டாங்கிக்காரரு. கையில இருக்கறது டாங்கியோட மூடி மட்டும். வருஷா வருஷம் தோள்ல தூக்கிட்டு வந்து நிக்கறாரு.

மாப்பிள்ளை: மீதியத் தேடிட்டு இருக்காரு.

டிங்கர்: கிடைச்சா எங்க நிறுத்துவாரு? அவரு வீடு மூணாவது மாடி.

மாப்பிள்ளை: மச்சான், டிரில்ல எடு.

டிங்கர்: எதுக்கு?

மாப்பிள்ளை: மறுபடியும் போட்டுரலாம். அதே இடத்துல.

டிங்கர்: மறுபடியுமா? அப்ப முதல் தடவ போட்டது யாரு?

மாப்பிள்ளை: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

டிங்கர்: போன மாசம் என் டிரில்ல வாங்கிட்டுப் போன. சுவத்துல காலண்டர் மாட்டணும்னு. பன்னெண்டு எம்.எம். பிட்டோட. மாட்டினது காலண்டரா, கன்னுக்குட்டியா?

மாப்பிள்ளை: திருப்பிக் குடுத்துட்டேன்ல.

டிங்கர்: குடுத்த. பிட்டு நுனியில பச்சைப் பெயிண்டோட. உன் வீட்டுச் சுவரு வெள்ளை.

மாப்பிள்ளை: சரி. நான்தான் போட்டேன். இப்ப என்ன?

டிங்கர்: போட்டதுதான் போட்ட, ஒழுங்காவாவது போட்டியா? உள்பக்கத்துல இருந்து துளைச்சு, தகரம் வெளிய பிதுங்கிட்டு நின்னுச்சு. குண்டு உள்ள இருந்து வெளிய போயிருக்கு. உங்கப்பா எதிரிய முட்டியாலயே சுட்டாரா?

மாப்பிள்ளை: ...கதவத் திறந்து வெச்சுப் போட்டேன். பக்கம் மாறிப் போச்சு.

டிங்கர்: மூடிக்காரரு கூடக் கண்டுபிடிச்சிருப்பாரு.

மாப்பிள்ளை: அதான் சொல்றேன், இந்தத் தடவ நீ வெளிய இருந்து போடு. உன் கைக்கு நிஜக் குண்டே தோத்துரும்.

டிங்கர்: ஐஸ் வெக்காத.

மாப்பிள்ளை: உயரமெல்லாம் அளந்து வெச்சிருக்கேன். மெத்தை சரியா இருக்கான்னு பாக்கணும்னு சொல்லி அப்பாவ சீட்டுல உக்கார வெச்சு, முட்டி எங்க வருதுன்னு சாக்பீஸ்ல குறிச்சேன்.

டிங்கர்: அவரு கேக்கலையா?

மாப்பிள்ளை: ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சேன்.

டிங்கர்: நீ செருப்புதான போடற.

மாப்பிள்ளை: மச்சான், மணி ஒன்பதரை.

டிங்கர்: முடியாது.

மாப்பிள்ளை: ஏன்?

டிங்கர்: கை வலி.

மாப்பிள்ளை: அடைக்கறப்ப வலிக்கலையா?

டிங்கர்: அடைச்சதுலதான் வந்துச்சு.

மாப்பிள்ளை: நானே போட்டுக்கறேன். டிரில் எங்க?

டிங்கர்: பீரோவுல. பூட்டியிருக்கு.

மாப்பிள்ளை: சாவி?

டிங்கர்: என் தங்கச்சிகிட்ட.

மாப்பிள்ளை: என் பொண்டாட்டிகிட்டயா? அவளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

டிங்கர்: முந்தாநாள் அவதான கூட்டிட்டு வந்தா...

மாப்பிள்ளை: யார?

டிங்கர்: ...டீ சொல்லட்டுமா?

மாப்பிள்ளை: யாரக் கூட்டிட்டு வந்தா?

டிங்கர்: மாமாவ.

மாப்பிள்ளை: அப்பாவா? இந்தப் பட்டறைக்கா?

டிங்கர்: நீ வேலைக்குப் போயிருந்த. வண்டிய முன்னாடியே ஒரு தடவ பாக்கணும்னு வந்தாரு. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீ வாயப் பிடுங்கிட்ட.

மாப்பிள்ளை: ஓட்டையப் பாத்தாரா?

டிங்கர்: ஒரு சுத்து வந்தாரு. டயர உதைச்சுப் பாத்தாரு. டிரைவர் பக்கம் வந்ததும் நின்னுட்டாரு. ஆள்காட்டி விரல ஓட்டைக்குள்ள விட்டாரு. எடுத்தாரு. விரலத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'இது என்ன'ன்னாரு.

மாப்பிள்ளை: நீ என்ன சொன்ன?

டிங்கர்: 'என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க, உங்க வண்டி, உங்க ஓட்டை'ன்னேன்.

மாப்பிள்ளை: சபாஷ்.

டிங்கர்: உக்கார நாற்காலி கேட்டாரு.

மாப்பிள்ளை: அப்புறம்?

டிங்கர்: தண்ணி குடிச்சாரு. அப்புறம் மெதுவா, 'தம்பி, இத அடைக்க முடியுமா'ன்னாரு.

மாப்பிள்ளை: ஏன்னு சொன்னாரா?

டிங்கர்: சொல்லல.

மாப்பிள்ளை: நீ கேக்கலையா?

டிங்கர்: இல்ல.

மாப்பிள்ளை: தெருவுல ரெண்டு பேரு சண்டை போட்டா, வேலைய விட்டுட்டுப் போய் என்ன ஏதுன்னு கேக்கற ஆளு நீ. இத மட்டும் கேக்கல.

டிங்கர்: நீ ஏன் போட்டன்னும் நான் கேக்கலையே. சரி, இப்பக் கேக்கறேன். நிஜமாவே குண்டு பட்ட வண்டின்னா ஓட்டை தானா இருக்கும். நீ ஏன் போடணும்?

மாப்பிள்ளை: பழைய கதவு எங்கயோ போச்சு. இது நீ செஞ்ச புதுக் கதவு.

டிங்கர்: நான் செஞ்சதுதான். பழைய பிரிட்ஜ் தகரத்துல. இன்னிக்கும் கதவத் திறந்தா உள்ள லைட் எரியுமோன்னு பாக்கறேன்.

மாப்பிள்ளை: அதான். பழசுல இருந்தத புதுசுல போட்டேன். அவ்வளவுதான்.

டிங்கர்: பழசுன்னு ஒண்ணு இருந்துச்சா?

மாப்பிள்ளை: எது?

டிங்கர்: கதவு. முப்பது வருஷமா தகரம் தட்டறேன் மாப்ள. எப்பவோ கீல் மாட்டியிருந்தா பாடியில தடம் இருக்கும். அடைச்சிருந்தா அடைச்ச தடம் இருக்கும். இதுல ஒரு கீறல் இல்ல. நாலு கீலுக்கும் முதல் முதலாத் துளை போட்டது நான்தான்.

மாப்பிள்ளை: அப்பவே ஏன் சொல்லல?

டிங்கர்: நீ சொல்லுவன்னு பாத்தேன். அந்த பார்ட்ஸ் புத்தகத்தத் தலைமாட்டுல வெச்சுத் தூங்கற ஆளு நீ. ஒரு போல்ட்டு தலை மாறிப் போச்சுன்னா ரெண்டு நாள் சாப்பிட மாட்ட. அந்தப் புத்தகத்துல கதவு எத்தனாவது பக்கம்?

மாப்பிள்ளை: இல்ல.

டிங்கர்: பக்கம் கிழிஞ்சிருச்சா?

மாப்பிள்ளை: பக்கமெல்லாம் இருக்கு. கதவுதான் இல்ல. இந்த ஜீப்புக்குக் கதவே கிடையாது மச்சான். ரெண்டு பக்கமும் திறந்தபடி. மழை வந்தா ஒரு கித்தான் துணி. தாவி ஏறணும், குதிச்சு இறங்கணும்.

டிங்கர்: அப்ப குண்டு எதத் துளைச்சுது?

மாப்பிள்ளை: அதத்தான் ஒரு வருஷமா யோசிக்கறேன்.

டிங்கர்: மாமா ஓட்டினது வேற வண்டியா இருக்கும்.

மாப்பிள்ளை: இதேதான். அவரோட சர்வீஸ் புத்தகத்துல இருக்கற சேசிஸ் நம்பர வெச்சுத்தான் தேடினேன். ரெண்டு வருஷம். கடைசியில ஒரு செங்கச் சூளையில மண்ணு சுமந்துட்டு இருந்துச்சு. துரு மேல மண்ணெண்ணெய் ஊத்தித் துடைச்சேன். ஒவ்வொரு எண்ணா வந்துச்சு. கடைசி எண் தெரிஞ்சதும் உக்காந்து அழுதேன். செங்கக்காரரு பயந்துட்டாரு. அடுத்த வாரம் பார்ட்ஸ் புத்தகம் தபால்ல வந்துச்சு. பிரிச்சேன்...

டிங்கர்: கதவு இல்ல.

மாப்பிள்ளை: கதவு இல்ல. அந்தக் கதைக்காகப் பள்ளிக்கூடத்துல ஒருத்தன் பல்ல உடைச்சிருக்கேன் மச்சான். நம்ப மாட்டேன்னான்.

டிங்கர்: பாவம். அவன் சொன்னதுதான் சரி.

மாப்பிள்ளை: ரெண்டு பல்லு.

டிங்கர்: மாமாகிட்ட நேராக் கேட்டிருக்கலாம்ல?

மாப்பிள்ளை: என்னன்னு? அம்பது வருஷமா சொல்றது பொய்யாப்பான்னா? அதுக்குக் கதவு செய்யறது சுலபம்.

டிங்கர்: சங்கத்துல எல்லாரும் புத்தகப் புழு. கதவு எப்படி வந்துச்சுன்னு கேப்பானுங்க.

மாப்பிள்ளை: ஓட்டையப் பாத்தா எவனும் கீலப் பாக்க மாட்டான். அதுக்குத்தான் ஓட்டை. இப்ப ஓட்டை இல்ல. வெறும் கதவு. பிரிட்ஜ் கதவு. எங்கப்பா இதுக்குப் பக்கத்துல நின்னு பேசணும்... எல்லாரும் கீலப் பாப்பாங்க, அவரப் பாப்பாங்க.

டிங்கர்: உஷ். ஸ்கூட்டர் சத்தம்.

மாப்பிள்ளை: அவர்கிட்ட வாயத் திறக்காத.

டிங்கர்: நான் எங்க திறக்கறது. சத்தியம் பண்ணியிருக்கேன்... வாங்க மாமா. தங்கச்சி உள்ள வரலையா?

அப்பா: இறக்கி விட்டுட்டு மைதானத்துக்குப் போறேன்னுட்டா. முன் வரிசையில இடம் பிடிக்கணுமாம். நீங்க என்னடா ரெண்டு பேரும் திருடனுங்க மாதிரி நிக்கறீங்க?

மாப்பிள்ளை: ஒண்ணும் இல்லப்பா. மெடலெல்லாம் குத்திக்கலையா?

அப்பா: குத்தினா சட்டை கிழியுது.

மாப்பிள்ளை: கிளம்பலாமா?

அப்பா: டேய்... எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. மைக்கெல்லாம் வேண்டாம்.

மாப்பிள்ளை: காலையில என்னைத் திட்டறப்ப நல்லாத்தான இருந்துச்சு?

அப்பா: திட்டினதுல கட்டிருச்சு.

டிங்கர்: எனக்குக் கை வலி மாமா. இன்னிக்கு யாருக்குமே சரியில்ல.

அப்பா: அது என்ன... இந்தப் பக்கம் ஒரு ஓட்டை இருந்துச்சே?

டிங்கர்: நீங்க எப்பப் பாத்தீங்க மாமா?

அப்பா: நான் எங்க பாத்தேன். இவன் சொன்னான்.

மாப்பிள்ளை: மச்சான் தெரியாம அடைச்சுட்டாருப்பா.

அப்பா: அடடா. அநியாயம். இனிமே நான் எதக் காட்டிப் பேசறது? பேச்ச ரத்து பண்ணச் சொல்லிரு.

மாப்பிள்ளை: வேண்டாம்பா. அஞ்சு நிமிஷத்துல போட்டுரலாம்.

அப்பா: குண்டு பட்ட ஓட்டைய நீ எப்படிடா போடுவ?

மாப்பிள்ளை: போன மாசம் போட்ட மாதிரியேதான்.

அப்பா: ...நீயாடா போட்ட?

மாப்பிள்ளை: ஆமாப்பா.

அப்பா: அடப்பாவி... ரெண்டு நாளாத் தூங்கலடா நான். என் வண்டி. நம்பரும் அதே நம்பர். அதுல கதவு, கதவுல ஓட்டை. நான் சொன்ன இடத்துலயே. விரல விட்டுப் பாத்தேன், போகுது. ஒருவேளை நிஜமாவே குண்டு பட்டுதோ, நான்தான் மறந்துட்டேனோன்னு நினைச்சுட்டேன்.

மாப்பிள்ளை: கதவே இல்லப்பா இந்த வண்டிக்கு.

அப்பா: எனக்குச் சொல்றியா. ஆறு வருஷம் தாவி ஏறினவன்.

மாப்பிள்ளை: அப்புறம் ஏன் கதவுன்னு சொன்னீங்க?

அப்பா: கல்யாணத்துக்கு முன்னாடி உங்கம்மா கேட்டா, ஏன் நொண்டறீங்கன்னு. குண்டுன்னேன். எப்படிப் பட்டுதுன்னா. வாயில கதவு வந்துச்சு. அவ ஜீப்பப் பாத்ததே இல்ல. உலகத்துல எத்தன வண்டி இருக்கு... ஒருத்தன் பொறந்து வளந்து, அதே வண்டியப் பிடிச்சுட்டு வந்து வீட்டு வாசல்ல நிறுத்துவான்னு யாருடா கண்டா. நீ எப்பலேர்ந்து தெரிஞ்சு வெச்சிருக்க?

மாப்பிள்ளை: ஒரு வருஷமா.

அப்பா: தெரிஞ்சுக்கிட்டா கதவு செஞ்ச?

மாப்பிள்ளை: நீங்க கதவுன்னு சொன்னீங்களே.

அப்பா: தம்பி, அந்த நாற்காலிய இப்படிப் போடு.

மாப்பிள்ளை: மைக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்பா. தொண்டைன்னு சொல்லிக்கலாம்.

அப்பா: வேண்டாம். பேசறேன். தம்பி, ஸ்பேனர எடு. கதவ ரெண்டையும் கழட்டு. இது மூஞ்சியே எனக்கு அடையாளம் தெரியல.

டிங்கர்: கழட்டிரலாம் மாமா. ஆனா மைக்குல என்ன சொல்லுவீங்க? காலு நிஜமா எப்படிப் போச்சு?

மாப்பிள்ளை: மச்சான், விடு.

அப்பா: இருக்கட்டும்டா. மலை ரோடு, தம்பி. ஒண்ணுக்குப் போகலாம்னு ஓரமா நிறுத்தி இறங்கினேன். ஹேண்ட் பிரேக் போடல. நான் முடிக்கறதுக்குள்ள இது பின்னாடியே வந்துருச்சு.